பின்சீட்டில் மூச்சு விடும் பற்றரி: கல்முனையிலிருந்து பொத்துவில் வரை

ஓகஸ்ட் விடுமுறையில் கல்முனையிலிருந்து பொத்துவிலுக்குக் காரில் போய்வந்தேன். போக 69 கிலோமீற்றர், வர 69. கரையோரத்தை ஒட்டிய மட்டமான பாதை, ஏற்ற இறக்கம் கிடையாது. வழியில் நிற்காமல் போனால் ஒன்றரை மணித்தியாலம் போதும். எனக்குப் போகவே ஐந்து மணித்தியாலமும் பத்து நிமிடமும் எடுத்தது. அது ஏன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள், கச்சான் என்னும் வறண்ட மேல்காற்று வீசும் மாதங்களில் இந்தப் பக்கம் வர நினைத்தால், கடைசி வரை வாசியுங்கள். வீட்டில் மாமியார் உள்ளவர்களும் வாசிக்கலாம்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லாவிட்டால் மற்றது விளங்காது. நான் சம்மாந்துறைக்காரன், கணித ஆசிரியர். பதினொரு வருடம் முன்பு கல்முனையில் கலியாணம் முடித்தேன். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார், வீடும் பெண்ணுடையதுதான். என் மனைவி றிஸ்னா இரண்டு வருடம் முன்பு மௌத்தாகிவிட்டாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமனாரும் எங்கள் கலியாணத்துக்கு முன்பே இறந்துவிட்டார். ஆகவே அந்த வீட்டில் இப்போது றிஸ்னாவின் தாயான மாமியும் நானும் மட்டும்தான்.

சம்மாந்துறையில் என் காக்கா, அதாவது மூத்த சகோதரர், அவர் வீட்டில் எனக்கென்று ஓர் அறையை வெள்ளையடித்து வைத்திருக்கிறார். "பொஞ்சாதியும் இல்ல, புள்ளையும் இல்ல. என்ன உரிமையில நீ அங்க இரிக்காய்? அந்தப் பொம்புளைக்கும் கஷ்டம்தானே" என்று அவர் கேட்டார். மாமிக்கு நான் பாரம்தான் என்று எனக்கும் பட்டது. விடுமுறை முடிவதற்குள், ஒரு வெள்ளிக்கிழமை பிக்கப் கொண்டுவந்து என் சாமான்களை ஏற்றுவதாகக் காக்கா முடிவெடுத்துவிட்டார். அதற்கு முன் மாமியிடம் நான் விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்த வெள்ளிக்கு இரண்டு நாள் முந்திய புதன்கிழமை பொத்துவில் பயணம் வந்தது. மாமியின் தங்கை மகளுக்குக் குழந்தை பிறந்து நாற்பதாம் நாள் விருந்து. வழியில் சொல்லிவிடுவோம் என்று நினைத்துக்கொண்டேன்.

சொல்லிவிடுவோம் என்று எழுதுவது லேசு. மாமியும் நானும் நேருக்கு நேர் கதைத்துப் பழகியவர்கள் அல்ல. எங்கள் ஊரில் பழைய ஆட்கள் மருமகனுக்குக் கொடுக்கிற மரியாதை அப்படி. நான் வந்தால் மாமி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பி நிற்பார். றிஸ்னா இருந்த காலத்தில் எல்லாம் அவள் வழியாகத்தான் போய் வந்தது. "மருமகன் மீனுக்கு உப்புக் காணுமாண்டு கேளு மகள்" என்பார், நான் எதிரிலேயே சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். றிஸ்னா போன பிறகு மாமி சுவர் மணிக்கூட்டிடம் கதைக்கத் தொடங்கினார். "சோறு ஆறுது" என்று மணிக்கூட்டைப் பார்த்துச் சொல்வார். நான் போய்ச் சாப்பிடுவேன். இரண்டு வருடம் இப்படித்தான் ஓடியது.

இனி காருக்கு வருகிறேன். ஒன்பது வருடம் பழைய சிறிய ஜப்பான் ஹைபிரிட். மீற்றர் 112,000 காட்டுகிறது. இந்த வகைக் கார்களில் எஞ்சினோடு சேர்ந்து ஒரு பெரிய பற்றரியும் காரை இழுக்கும். என்னுடையதில் அது பின்சீட்டுக்கு அடியில் இருக்கிறது. நம்மைப் போலவே அதற்கும் வெயில் ஆகாது. சூட்டைத் தணிக்க ஒரு சிறிய விசிறி உண்டு. அந்த விசிறி வெளிக் காற்றை எடுப்பதில்லை, நாம் உட்கார்ந்திருக்கும் இடத்துக் காற்றையே எடுக்கிறது. பின்சீட்டின் ஓரத்தில், கால் படும் இடத்துக்குப் பக்கத்தில், அரைச் சாண் அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் சல்லடை இருக்கும். அதுதான் அதன் மூக்கு. காருக்குள் நமக்கு வேர்த்தால் பற்றரிக்கும் வேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் எனக்கு இப்போது தெரியும். அப்போது தெரிந்ததெல்லாம், போன வருடத்திலிருந்து பின்சீட்டுப் பக்கம் ஒரு ஊளைச் சத்தம் கேட்டது என்பதும், லீற்றருக்கு 24 கிலோமீற்றர் ஓடிய கார் 17க்கு இறங்கிவிட்டது என்பதும்தான். பற்றரி போய்விட்டது, மாற்ற மூன்றரை இலட்சம் ஆகும் என்று ஒருவர் சொன்னார். நான் தள்ளிப்போட்டேன். மூன்று மாதத்துக்கு முன் சத்தம் திடீரென்று குறைந்துவிட்டது. கார் தானாகக் குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். கணிதம் படிப்பிக்கிறவன் இப்படி யோசிக்கக் கூடாது.

இன்னும் ஒரு விஷயம். மாமி காரில் ஏறினால் நான் ஏ.சி. போடுவதில்லை. கார் வாங்கிய புதிதில் றிஸ்னா ஒரு நாள் சொன்னாள்: "உம்மாக்கு ஏ.சி. ஒத்துக்காது, தலை குத்தும். அவ இரிக்கக்குள்ள போடாதீங்க." தன் தாயை எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவள் எனக்குச் சொல்லிவைத்தது அந்த ஒன்றுதான். வேறு எதுவும் சொல்லிவிட்டுப் போக அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை. ஆகவே அதை நான் விடவேயில்லை. தனியாகப் போகும்போது ஏ.சி. போடுவேன். மாமி ஏறினால் நிறுத்திவிட்டு வேர்க்க வேர்க்க ஓட்டுவேன். அப்படி வேர்ப்பது எனக்குப் பிடித்தும் இருந்தது, அவளுக்கு ஏதோ ஒன்று செய்துகொண்டிருப்பதுபோல.

புதன்கிழமை காலை 9.40க்குப் புறப்பட்டோம். ஏழு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும். விருந்துக்குக் கொண்டுபோகும் முட்டை இனிப்பான வட்டிலப்பத்தை மாமி அவித்து இறக்க நேரமாகிவிட்டது. சட்டியைத் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல் பின்சீட்டில் இடது ஓரமாக இருந்தார். சாய்ந்தமருது, காரைதீவு தாண்டி நிந்தவூர் வந்தபோது பாதையின் ஒரு பக்கம் முழுக்க நெல் காயப்போட்டிருந்தார்கள். சிறுபோக அறுவடை. கச்சான் காற்றில் நெல் தூசி எழும்பி முகத்தில் அடித்தது. மாமிக்குத் தும்மல் வந்ததால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டேன். ஏ.சி. இல்லை, கண்ணாடியும் பூட்டு. உள்ளே அவியத் தொடங்கியது.

26ஆவது கிலோமீற்றரில் அக்கரைப்பற்று, நேரம் 10.30. குழந்தைக்கு உடுப்பு வாங்க இருபத்தைந்து நிமிடம் நிறுத்தினோம். நிழல் கிடைக்கவில்லை, கொளுத்தும் வெயிலில்தான் நிறுத்தினேன். இது என் அடுத்த பிழை. திரும்பி வந்து கதவைத் திறந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. அப்படியே ஏறி ஓட்டினேன்.

தம்பிலுவில், திருக்கோவில் எல்லாம் ஊர் நெருக்கமான இடங்கள். திருக்கோவில் தாண்டினால் வீடுகள் குறைந்து பற்றைக்காடு தொடங்கும். அங்குதான் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். "மாமி, ஒரு விஷயம் சொல்லணும்" என்றேன், கண்ணாடியில் பார்த்தபடி.

"இந்த வெக்கைக்கு வட்டிலப்பம் தாங்குமா தெரியா" என்றார் மாமி, யன்னலைப் பார்த்து.

சரியாக 48ஆவது கிலோமீற்றரில், தாண்டியடிப் பக்கம், முன்னால் மீற்றர் பலகையில் சிவப்பு முக்கோண விளக்கு எரிந்தது. மிதித்தாலும் இழுவை இல்லை. கார் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. நேரம் 11.30. ஒரு வேப்பமரத்தைக் கண்டு ஓரங்கட்டி எல்லாவற்றையும் அணைத்தேன்.

மாமி சட்டியோடு இறங்கி மரத்தடியில் நின்றார். அவருடைய அபாயாவின் முதுகுப் பக்கம் முழுதும் நனைந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். போத்தல் தண்ணீரைக் கையில் ஊற்றி, எனக்கு மறுபக்கம் திரும்பிக் கழுத்தைக் கழுவினார். பாவம், கார் நின்ற பதற்றத்தில் வேர்த்துவிட்டது என்று நினைத்தேன். இரண்டு வருடமாக என் தலை எப்படி வேலை செய்தது என்பதற்கு இதை விட உதாரணம் வேண்டாம்.

பொத்துவில் பக்கமிருந்து வந்த ஒரு ஓட்டோக்காரர் தானாக நிறுத்தினார். விளக்கை எட்டிப் பார்த்துவிட்டு, "இது ஹைபிரிட் காருக்கு வாற வருத்தம். திருக்கோவில்ல யோகன் எண்டு ஒரு பொடியன் இருக்கான், கொழும்பில இதே வேலை செஞ்சவன். ஆற விட்டு மெல்லமாக் கொண்டு போங்க" என்றார். எவ்வளவு நேரம் ஆற விட வேண்டும் என்று கேட்டேன். "கோவம் ஆறுற மட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நாற்பது நிமிடம் நின்றோம். பிறகு வந்த வழியே ஒன்பது கிலோமீற்றர், முப்பதுக்கு மேல் போகாமல் ஓட்டி, 12.30க்கு யோகனின் கராஜுக்குப் போய்ச் சேர்ந்தோம். தகரக் கூரை, பக்கத்திலேயே வீடு. யோகனுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். நான் ஆசிரியர் என்று தெரிந்ததும் "சேர்" என்று அழைக்கத் தொடங்கினார். மாமியை அம்மா என்று கூப்பிட்டு ஒரு கதிரை எடுத்து விசிறிக்குக் கீழே போட்டார்.

ஸ்கேனரைக் கொளுவிப் பார்த்தார். "பற்றரி நாப்பத்தேழு பாகையில நிக்குது சேர். ஆறின பிறகே இது. ரோட்டில அம்பதுக்கு மேல போயிருக்கும்." பிறகு பற்றரிக்குள் உள்ள செல்களின் அளவைப் பார்த்தார். எல்லாம் கிட்டத்தட்ட ஒரே வோல்ட்டில் இருந்தன. "பற்றரி சாகல்ல. மூச்சு முட்டித்தான் விழுந்திருக்கு. விசிறி முழு வேகத்தில சுத்துது, காத்துத்தான் வரல்ல" என்றார்.

பின்கதவைத் திறந்து குனிந்தார். பிறகு சீட்டு ஓரத்துச் சல்லடைக்குள் இரண்டு விரலை விட்டு எதையோ இழுத்தார். நான்காக மடித்து, மூலைகளை உள்ளே செருகி, அளவெடுத்ததுபோல் அடைத்து வைத்த பச்சைக் கட்டம் போட்ட ஒரு சிறிய துவாய்த் துண்டு வந்தது.

"இத ஆர் சேர் வெச்ச?"

அது எங்கள் வீட்டுத் துவாய். நான் மாமியைப் பார்த்தேன். மாமி என்னைப் பார்க்கவில்லை.

"நான்தான் தம்பி வெச்சன்" என்றார் யோகனிடம். "அதுக்குள்ளால ஒரே சத்தம். நான் ஏறினாத்தான் அந்தச் சத்தம் வாற. மருமகன் கண்ணாடியால பின்னுக்குப் பாத்துப் பாத்து ஓட்டுறாரு. என்ட பாரத்துக்குத்தான் காரு கத்துதாக்கும் எண்டு எனக்கு வெக்கமாப் பெய்த்து. அதான் அடச்சி வெச்சன்."

யோகன் சிரிக்கவில்லை. அவரை நான் மதிப்பதற்கு அதுவும் ஒரு காரணம். "அம்மா ஏறினா மட்டும் ஏன் சத்தம் வருது?" என்று என்னிடம் கேட்டார். "அம்மா வரக்குள்ள வேற என்ன செய்றீங்க?"

நான் யோசித்தேன். "ஏ.சி. போடமாட்டேன்" என்றேன். "மாமிக்கு ஒத்துக்காது."

"ஆரு தம்பி சொன்ன?" என்று மாமி யோகனிடம் கேட்டார்.

"றிஸ்னா சொன்னா" என்றேன் நானும் யோகனிடம். "தலை குத்தும் எண்டு."

மாமி துவாயை வாங்கி மடியில் விரித்துத் தடவினார். "அது காரு வாங்கின கிழம. எனக்குச் சளித் தடிமன் பிடிச்சி இரிந்த. ரெண்டு நாளையில சுகமாகிட்டு. அத இவரு இன்னமும் வெச்சிரிக்காரா?"

யோகன் ஒருமுறை மாமியையும் ஒருமுறை என்னையும் பார்த்தார். "அப்ப அம்மா, உங்களுக்கு வெக்கையா இருக்கல்லியா?"

"இல்லாமலா? உசிர் போகும். இஞ்ச பாருங்க" என்று முக்காட்டைக் கொஞ்சம் விலக்கிக் கழுத்தைக் காட்டினார். கழுத்தைச் சுற்றி வேர்க்குரு சிவந்து கிடந்தது. மட்டக்களப்புக்குக் கிளினிக் போன நாட்கள், அம்பாறைக்கு அடையாள அட்டை எடுக்கப் போன நாள், போன நோன்புப் பெருநாள் பயணம் எல்லாம் எனக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. அந்தத் துவாய் முதலில் வேர்வை துடைக்கத்தான் காருக்குள் வந்திருக்க வேண்டும்.

"ஏன் மாமி ஒரு வார்த்தை சொல்லல்ல?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

அவர் யோகனைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். ஆனால் யோகனுக்கு அல்ல. "என்னெண்டு தம்பி சொல்ற? சம்மாந்துறையில அற வெள்ளையடிச்சி இவருக்காக வெச்சிரிக்கி எண்டு ஊரெல்லாம் கதை. நான் ஒரு குற சொன்னா, அதையே சாட்டா வெச்சிப் பெய்த்திருவாரு எண்டு பயம். வெக்கையத் தாங்கலாம். ஊட்டுல ஒரு மனிசர்ர சத்தம் இல்லாம எப்பிடித் தாங்குற? புள்ளையும் பெய்த்திட்டு, இவரும் பெய்த்தா மறுகா எனக்கு ஆரு இரிக்கா?"

யோகன் "நான் விசிறியக் கழட்டுறன்" என்று சொல்லிவிட்டு காரின் மறுபக்கம் போனார். நான் அங்கேயே நின்றேன். என்ன சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து தயார் செய்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றாவது இப்போது பயன்படும்படி இல்லை. "நான் உங்களுக்குப் பாரம் எண்டு நெனச்சன் மாமி" என்றேன். அது மட்டும்தான் வந்தது.

"வெசர்க் கதை" என்றார், பைத்தியக்காரப் பேச்சு என்று அர்த்தம். என்னைப் பார்த்து அவர் நேராகச் சொன்ன முதல் வார்த்தைகள் அவை.

யோகன் முதலில் பற்றரியின் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் செருகியைப் பிடுங்கி, பத்து நிமிடம் விட்டு, பிறகுதான் வேலையைத் தொடங்கினார். விசிறியின் இதழ்களில் நெல் தூசியும் கடற்கரை மணலும் நூலும் சேர்ந்து கம்பளிபோல் ஒட்டியிருந்தன. துவாய்க்கு முன்பே பாதி மூச்சு போயிருக்கிறது. தூரிகையால் தேய்த்து, காற்று அடித்து, மறுபடி பொருத்திப் பூட்டினார். ஒரு மணித்தியால வேலை. 6,500 ரூபா கேட்டார். மூன்றரை இலட்சத்துக்குத் தலையைச் சொறிந்துகொண்டிருந்தவன் நான். அதற்குள் லுஹர் என்னும் நண்பகல் தொழுகைக்கு நேரமாகியிருந்தது. யோகனின் மனைவி சாமி அறைக்கு எதிர்ப்பக்கத்து அறையைக் கூட்டி, புதுப் பாய் ஒன்றை விரித்துக் கொடுத்தார். மாமி தொழுதுவிட்டு வந்து, வட்டிலப்பத்தில் கால்வாசியை வெட்டி அவர்கள் வீட்டுத் தட்டில் வைத்தார்.

இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். கதவுகளைத் திறந்து இரண்டு நிமிடம் சூட்டை வெளியேற்றி, ஏ.சி.யை 25இல் வைத்தேன். மாமி ஒரு நீண்ட மூச்சு விட்டார். தாண்டியடி வேப்பமரம் தாண்டியதும் தொடங்கினார்.

"மருமகன், குற சொல்லலாம் எண்டா நான் சொல்லுவன்."

"சொல்லுங்க மாமி."

"நீங்க குடிச்ச கோப்பைய நீங்களே கழுவி வெக்கிறீங்க. வாடகைக்கு இரிக்கிற ஆள் மாதிரி. கழுவுறதும் ஊத்தையாத்தான் கழுவுற. நான் மறுகா கழுவுறன்."

கோமாரி வருவதற்குள் பள்ளிவாசலிலிருந்து வந்து செருப்பை வாசலில் குறுக்கே கழற்றுவது, எனக்கு இறால் வாங்கத் தெரியாமை, மீன்காரர் என்னைக் கண்டாலே விலையைக் கூட்டுவது, விடைத்தாள் திருத்தும்போது நான் பேனையால் மேசையைத் தட்டுவது எல்லாம் வந்துவிட்டது. நான் சிரித்துக்கொண்டே ஓட்டினேன். கோமாரிப் பாலத்தில் அவர் குரல் மாறியது.

"றிஸ்னாட அலுமாரி அப்பிடியே கிடக்குது. அவட உடுப்புகள ரெண்டு பேருமாச் சேந்து எடுத்து ஏழ எளியதுக்குக் குடுப்பம் எண்டு ரெண்டு வருஷமாப் பாத்திட்டு இரிக்கன். நீங்க அந்தக் கதையே எடுக்கிறல்ல. நான் தனிய எப்பிடித் தொறக்கிற?"

வாகனத்தை ஓரமாக நிறுத்தினேன். இருவரும் அழுதோம். மறைக்க ஒன்றுமில்லை, அழுதோம். அவள் போன பிறகு நாங்கள் ஒரே இடத்தில் இருந்து அழுதது அதுதான் முதல் தடவை. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது, மாமிக்குத் தலையும் குத்தவில்லை.

பொத்துவிலுக்கு 2.50. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது, விருந்துச் சாப்பாடு ஆறிவிட்டிருந்தது. ஆனாலும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். மாமி தங்கையிடம் கார் நின்ற கதையைச் சொல்லும்போது துவாயை நான்தான் வைத்ததாக மாற்றிச் சொன்னார். நான் திருத்தவில்லை. 4.45க்குத் திரும்பி, 6.15க்குக் கல்முனை. முழுப் பயணமும், யோகனிடம் திரும்பிப் போய் வந்ததோடு சேர்த்து, 156 கிலோமீற்றர். பெற்றோல் மூவாயிரம் ரூபாவுக்குள் முடிந்தது. வரும்போது மட்டும் கணக்குப் பார்த்தேன், லீற்றருக்கு 22 ஓடியது.

இனி உங்களுக்கு. மே முதல் செப்டெம்பர் வரை இந்தக் கரையில் ஹைபிரிட் ஓட்டுவதென்றால் காலை ஏழுக்குள் புறப்படுங்கள். ஏ.சி.யை மிச்சம் பிடிக்காதீர்கள், அது உங்களுக்கு மட்டுமல்ல, பற்றரிக்கும். உள்காற்றுச் சுழற்சியில் வைத்தால் நெல் தூசியும் குறையும். வெயிலில் நின்ற காரில் உடனே ஏற வேண்டாம், கதவுகளைத் திறந்து இரண்டு நிமிடம் விடுங்கள். பின்சீட்டுச் சல்லடை எங்கே இருக்கிறது என்று இன்றே தேடிப் பாருங்கள். பை, தலையணை, தொழுகை விரிப்பு எதையும் அதன் மேல் வைக்காதீர்கள். மாதம் ஒருமுறை தூசி உறிஞ்சியால் அதை இழுத்துவிடலாம். விசிறியை நமது மணலுக்கும் தூசிக்கும் வருடம் ஒருமுறை கழற்றித் துடைக்க வேண்டும், ஆனால் அதைத் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும். உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் தடித்த வயர்களைக் கண்டால் கைவைக்காதீர்கள், ஆளைக் கொல்லும் மின்சாரம் அது. காரை இரண்டு கிழமைக்கு மேல் ஓட்டாமல் போட்டு வைப்பதும் நல்லதல்ல. வழியில் சிவப்பு விளக்கு எரிந்தால் நிழலில் நிறுத்துங்கள். என்னைப்போல் எல்லாவற்றையும் அணைக்காமல், காரை நிறுத்திய நிலையிலேயே ஏ.சி.யை ஓடவிட்டால் கெதியாக ஆறும் என்று யோகன் சொன்னார். சல்லடை அடைபடாமல் இருந்தால்தான் அதுவும் நடக்கும். விசிறிச் சத்தம் கூடினால் அது உங்களிடம் ஏதோ சொல்கிறது, அடைத்துவிடாமல் கேளுங்கள். பற்றரி போய்விட்டது என்று எவர் சொன்னாலும், முதலில் அந்தச் சல்லடைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு நம்புங்கள்.

வியாழக்கிழமை காக்காவுக்குத் தொலைபேசி எடுக்க நான்கு தடவை நினைத்து, நான்கு தடவையும் விட்டுவிட்டேன். அறை வரைக்கும் வெள்ளையடித்த மனிதரிடம் என்னவென்று சொல்வது? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து நான் வீட்டுக்கு வர, பிக்கப் வாசலில் நிற்கிறது. காக்கா முன்னறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். மாமி முக்காட்டோடு கதவோரத்தில் நின்றார். "சாமானெல்லாம் கட்டியாச்சா?" என்று காக்கா என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமி முந்திக்கொண்டார். மணிக்கூட்டைப் பார்க்கவில்லை, காக்காவின் முகத்தைப் பார்த்தே சொன்னார்.

"உங்கட தம்பிர குறைகள நேத்து முந்தநாள்தான் நான் சொல்லத் தொடங்கியிரிக்கன். பதினொரு வருஷத்துக் குற இரிக்கி. எல்லாம் சொல்லி முடிஞ்ச பிறகு ஆள் அனுப்புறன், அப்ப வந்து கூட்டிட்டுப் போங்க."